கண்ணாடி பிடித்த கை

எங்கள் அம்மா கண்ணாடி காட்டாமல் ஒரு ஜிமிக்கியைக்கூட விற்றதில்லை. பட்டு நூல் சுற்றிய வளையல், கம்மல், ஜிமிக்கி எல்லாம் அவளே வீட்டில் உட்கார்ந்து செய்வாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் கைவினைக் கண்காட்சியில் ஒரு மேசை பிடிப்பாள். மற்ற மாதங்களில் தெரிந்தவர் வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி, நடுவில் ஜமுக்காளம் விரித்துக் கடை பரப்புவாள். புடவையோடு வந்த ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கொடுத்தால் போதும், அதே நிறத்தில் நூல் தேடிப் பிடித்து ஒரே வாரத்தில் செய்து கொடுத்துவிடுவாள்.

ஒன்பது வயதில் இந்த வியாபாரத்தில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. யார் காதில் கம்மலை வைத்தாலும் ஓடிப்போய், கைப்பிடி போட்ட வட்டக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கினால் கழுத்துச் சுருக்கம் தெரிந்துவிடும், அப்புறம் வாங்க மாட்டார்கள் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. பாதி வியாபாரம் என்னால்தான் நடக்கிறது என்று எனக்கு உள்ளூர நினைப்பு.

அந்த வருடம் கண்காட்சிக்கு மேலகரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிட்டேன், உறவெல்லாம் ஒன்றுமில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வீட்டுக்கே வந்து கடை போடும்படி அம்மாவைக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது திரும்பி வந்து, "கண்ணாடி மட்டும் கொண்டாந்துராதம்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரல் விடாமல் அடித்தது. அம்மா கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் எப்படி வியாபாரம் ஆகும்? அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். அவள் புடவை மாற்றப் போன நேரத்தில் அதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சமயத்தில் எடுத்து நீட்டினால் மெச்சிக்கொள்வாள் என்ற நம்பிக்கை எனக்கு.

பெரிய வீடு. உள்ளே நுழைந்ததுமே எனக்கு ஏதோ ஒரு மாதிரி இருந்தது. கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு இடம் மட்டும் வெளுத்துப்போய், மேலே வெறும் ஆணி நின்றது. டிவியை ஒரு போர்வையால் போர்த்தியிருந்தார்கள். பீரோவின் கதவு முழுக்கக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. பட்டப்பகலில் ஜன்னல் எல்லாம் கனத்த திரை. அவ்வளவு வசதியான வீட்டில் காப்பியைக் காகிதக் கப்பில் கொடுத்தார்கள். கை கழுவப் போனேன். தொட்டிக்கு மேலே நாலு ஓட்டை மட்டும் இருந்தது. அந்த வீட்டில் பளபளவென்று ஒரு தம்ளர்கூட என் கண்ணில் படவில்லை.

அத்தை அம்மாவிடம் அடுப்படியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்டது. "எங்க அக்காதான் என் மகளை வளத்தா. நான் வேலைக்குப் போயிட்டேன்லா. இப்ப அக்காவுக்கு ஞாபகம் போயிட்டு. கண்ணாடியப் பாத்தா யாரோ வந்து நிக்கான்னு சொல்லுதா. இன்னைக்குப் பத்துப் பேரு நடுவுல அமைதியா உக்காந்துட்டான்னு வையி, தைரியமாக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். எம் மக பெரியம்மா வராம மேடை ஏற மாட்டேங்கா."

எல்லாம் கேட்டது. அதில் 'யாரோ வந்து நிக்கா' என்பது மட்டும்தான் எனக்குள் ஏறியது.

பெரியம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். நல்ல அரக்குப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ. என்னைப் பார்த்து, "ஏட்டி, எத்தனாங் கிளாஸ் படிக்க?" என்று கேட்டார். நாலாம் வகுப்பு என்றேன். தலையாட்டிவிட்டு, அதே சிரிப்போடு, அதே குரலில் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். மற்றபடி அவர் வெகு அமைதியாகத்தான் இருந்தார். அம்மா பச்சை ஜிமிக்கி ஒரு ஜோடியை அவர் காதில் மாட்டினாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அத்தையின் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வளையல் அளவு பார்ப்பதில் எல்லாரும் மும்முரமானார்கள். பெரியம்மா என் பக்கம் குனிந்து, "எனக்கு எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியலையே" என்றார். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட வார்த்தை அது. கேட்டதும் என் கை தானாகப் பையைத் தேடியது. பெரியம்மா எழுந்து உள்ளறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய், கண்ணாடியை எடுத்துச் சரியான உயரத்தில் பிடித்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ரகசியமாக, "வந்துட்டாளா? இவளை வெரட்டிவிட்டுட்டாவன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

கண்ணாடியின் முதுகுதான் என் பக்கம் இருந்தது, அதற்குள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"பாவம், மழையில வந்துருக்கா. யாரும் இவளுக்கு ஒண்ணும் குடுக்கல" என்று சொல்லிக்கொண்டே வலது காது ஜிமிக்கியைக் கழற்றி நீட்டினார். நான் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளிருந்தும் ஒரு கை பச்சை ஜிமிக்கியை நீட்டிக்கொண்டிருந்தது. "அவளும் எனக்குத் தாரா பாரு" என்று பெரியம்மா சிரித்தார். ஜிமிக்கி கண்ணாடியில் டக்கென்று இடித்தது. மறுபடி இடித்தது. "வாங்கிக்கிடு. ஏன் வாங்க மாட்டேங்க? வாங்கிக்கிடுட்டி!" குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் அழுத்திய வேகத்தில் என் கை தாங்கவில்லை. கண்ணாடி தரையில் விழுந்து துண்டு துண்டாகத் தெறித்தது.

பெரியம்மா கீழே குனிந்து பார்த்தார். "ஐயோ, கூட்டமா வந்துட்டாளுவ" என்று போட்ட சத்தம், அந்த மழையிலும் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பெண்கள் பாதிக் காப்பியோடு எழுந்து போனார்கள். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, சில்லுகளைப் பொறுக்க உட்கார்ந்தாள். அத்தை தன் அக்காவின் கண்ணை உள்ளங்கையால் பொத்தி மடியில் சாய்த்துக்கொண்டார். "பச்சப்புள்ளய ஏன் அடிக்க? அதுக்கு என்ன தெரியும்" என்று எனக்காகப் பரிந்தும் பேசினார். அப்படிப் பேசியவரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அடி வாங்கிய வலியில் அழுதேன், அவர் எதற்கு அழுகிறார் என்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து எத்தனையோ நாள் நான் கண்ணாடி பார்க்காமல்தான் தலை சீவினேன். என்றைக்காவது ஒரு நாள் உள்ளிருந்து ஒரு கை நீண்டுவிடும் என்று பயம். வகிடு கோணலாகப் போகிறது என்று டீச்சர்கூடத் திட்டினார்.

அத்தை பெரிய மனசுக்காரர், கல்யாண நகைகளை அம்மாவிடமே செய்யச் சொன்னார். தென்காசி மண்டபத்துக்கு நாங்களும் போனோம். வாசலில் கால் வைத்ததுமே என் கண் பெரியம்மாவைத்தான் தேடியது. அவரை வீட்டிலேயே வைத்து, துணைக்கு ஆள் போட்டிருப்பதாக யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மேடையில் கல்யாணப் பெண் அம்மா செய்த ஜிமிக்கியோடு அழகாக நின்றாள். ஆனால் படம் எடுப்பவர் "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவள் பார்வை வாசலை விட்டு நகரவே இல்லை. வெளியே கார் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். யாரோ சிநேகிதி வர வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ பெரியம்மா வந்துவிடுவாரோ என்று பயம், அவளோடு சேர்ந்து நானும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. அப்பாடா என்று ஐஸ்கிரீம் வாங்கப் போனேன்.