கொய்யாவின் மேல் விழுந்த நிழல்

தேவராஜா மார்க்கெட்டில் இன்று பழுத்த கொய்யாவின் மணம் மூக்கில் ஏறியதும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. இப்போது இடிபட்டுப் பார்க்கிங் ஆகிவிட்ட எங்கள் லஷ்கர் மொஹல்லா வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அங்கே ஒரு நாள் ஸ்கூல் போட்டிக்காகத் தரையில் மூன்று கொய்யாவை வைத்து, வெயில் படும் இடத்தில் காகிதத்தை வெறுமையாக விட்டு, நிழலுக்கு நீலம் கரைத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே வாட்டர் கலரில் வரைந்துகொண்டிருந்தேன். அந்த ஜன்னலோரம் அப்பா, காபி ஆறிப்போனதற்காக, அம்மாவின் முடியைப் பிடித்து அறைந்துகொண்டிருந்தார். வாயில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. தலை நிமிர்ந்தால் அடுத்த அடி எனக்கு என்று தெரியும், அதனால் பழங்களையே பார்த்தேன். அவர் கையை ஓங்கும்போதெல்லாம் ஐந்து விரலின் நிழலும் நடுப்பழத்தின் மேல் நீளமாக விழுந்தது. அதையும் வரைந்தேன்.

முதல் பரிசு கிடைத்தது. அப்பாவே பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "இலையோட நிழலப் பாருங்க சார், ஒவ்வொண்ணா போட்டிருக்கா எம் பொண்ணு" என்பார்.

ஆவி பறக்கும் காபியோடு வரும் அம்மா, அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே டம்ளரை நீட்டுவாள்.