ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், ஜாவா

என் வீட்டுக்காரர் சொந்தக் குரலில் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். ஆனால் பேச்சு எனக்கானது இல்லை. ஆப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிற கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்தார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் நான். இப்போதாவது எனக்கென்று ஒரு வார்த்தை சொல்வார் என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பொழச்சு வந்தா, முனியாண்டிக்கு என் கையால பொகையில வளத்து சுருட்டு சுத்திப் போடறேன்னு வேண்டிக்கிட்டேன். மறந்துடாத," என்றார். கதவு மூடிக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

தொண்டையில் புற்றுநோய். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளுக்கு இரும்புக் குழாய் ஏற்றிப் போகிற லாரி ஓட்டினார். ஸ்டியரிங்கில் ஒரு கை, சிகரெட்டில் ஒரு கை என்று வாழ்ந்தவர். நானும் கத்திக் கத்திப் பார்த்தேன். சட்டையில், தலையணையில், என் தலைமுடியில்கூட அந்த நாற்றம்தான். கடைசியில் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் இருபது காசு நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை வைத்து அனுப்பினார்கள். இனி மூச்சு அந்த வழியாகத்தான்.

பேச்சு போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வாசனையும் போய்விடும் என்று சொன்னது எங்கள் மண்டையில் ஏறவில்லை. காற்று மூக்கு வழியாகப் போனால்தானே எதுவும் மணக்கும்? வீட்டுக்கு வந்த வாரத்தில் நான் பிளாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டுச் சம்பல் வதக்குகிறேன், பக்கத்து வீட்டில் தும்முகிறார்கள், இவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சமையல்?" என்று உதட்டை அசைத்துக் கேட்கிறார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதல் செக்கப்புக்குப் போன அன்று ஆஸ்பத்திரி கார் பார்க்கில் இவரைப் போலவே கழுத்தில் ஓட்டையுள்ள ஒருவரைப் பார்த்தோம். தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் சிகரெட். கழுத்துத் துணியை ஒதுக்கி, அதை ஓட்டையில் வைத்து இழுத்தார். அடப்பாவி! வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

டாக்டர் பளிச்சென்று சொல்லியிருந்தார். இனி புகை உள்ளே போகக் கூடாது. நோய் திரும்பி வந்தால் வெட்டி எடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இதையெல்லாம் கேட்ட என் வீட்டுக்காரர் அன்று வீட்டுக்கு வந்து, பேசுவதற்காக வாங்கிக் கொடுத்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிய முதல் காரியம்: 'வெதை வேணும்.'

"கடையில கட்டுக் கட்டா சுருட்டு கெடைக்குது. வாங்கிப் போட்டா ஆகாதா? முனியாண்டி என்ன, பிராண்டு பாத்தா பிடிக்கிறாரு?"

'என் கையால' என்று எழுதி, அதற்கடியில் அழுத்தி ஒரு கோடு போட்டார். பேசுகிற காலத்திலும் பிடிவாதம்தான். இப்போது கோடு வேறு.

வேண்டுதலை மறுக்கிற துணிச்சல் எனக்கில்லை. பிழைத்து வந்துவிட்டாரே. தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கப் போயிருந்த என் தம்பி, திண்டுக்கல் பக்கம் ஒரு விவசாயியிடம் கேட்டு இரண்டு பொட்டலம் வாங்கி வந்தான். ஒன்று ஊசிக்கப்பல், இலை நீண்டு ஒடுங்கியது. இன்னொன்று வட்டக்கப்பல், இலை அகலமானது. அப்பா தாத்தா காலத்திலிருந்து அவர்களே விதை எடுத்துப் போடுகிற ரகங்களாம். மூன்றாவதை அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர் கொடுத்தார், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். கிளந்தான்காரர், அவருடைய ஊரில் வீட்டுக்கு வீடு புகையிலை போட்டவர்கள். "இனி தெம்பாக்காவ் ஜாவா," என்று மலாயில் சொல்லி, ஜாவாப் புகையிலை இருக்கிற ஒரு பழைய மருந்து டப்பாவை நீட்டினார். திறந்து பார்த்தால் மூக்குப்பொடி போலக் கொஞ்சம் தூள். அதுதான் விதை என்றார்.

"எதுக்குங்க மூணு?" என்றேன்.

'சாமிக்குப் போடறது. நல்லது எதுன்னு பாக்க வேணாமா?'

ஜோகூரில் இருக்கிற மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பாவுக்குத் தொண்டையே போச்சு, நீங்க வீட்டுல பொகையில வளக்கிறீங்களா? டாக்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க லா?" "உங்கப்பா சாப்பிட ஆரம்பிச்சிருக்காருடி," என்றேன். அது உண்மை. விதை முளைத்த நாளிலிருந்து காலையில் எழுந்து வெளியே போனார், திரும்பி வந்து தோசை கேட்டார். அதற்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்த மனுஷர்.

எங்களுடையது புக்கிட் காத்திலில், வரிசை வீடுகளின் முனை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் மண் உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவில் சாம்பலோடு கலந்து தூவிய விதை மயிரிழை போல முளைத்து, பிறகு பெயிண்ட் டின்னுக்கும் மண்ணுக்கும் மாறியது. இங்கே பெய்கிற மழையில் இலைப் பிசின் கழுவிப் போய்விடுமாம். அதனால் மேலே பிளாஸ்டிக் கட்டினார். மொட்டு விட்டதும் நுனியைக் கிள்ளினார். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு செடியை மட்டும் பூக்க விட்டு, பூவின் மேல் கோப்பி வடிகட்டுகிற துணிப்பையை மாட்டினார். தேனீ வந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதுவும் எதுவாகவும் இருக்காதாம். என் கோப்பித் துணிகள் போயே போய்விட்டன.

சாயங்காலமானால் அவருடைய கழுத்துத் துணியைத் துவைப்பது என் வேலை. பழைய வேட்டியில் நானே தைத்த துணி. தண்ணீரில் போடுவதற்கு முன்னால் அதை மூக்கில் வைத்துப் பார்ப்பேன். புகை நாற்றம் இருக்கிறதா என்று. அவருக்குத் தெரியாமல்தான் செய்தேன். புகையிலைச் செடிக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிற மனுஷரை நான் எதை வைத்து நம்புவது? சளியும் வியர்வையும்தான் இருக்கும். அப்பாடா என்று நனைத்துவிடுவேன்.

இலை அறுத்து, கார் நிறுத்துகிற இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். முதல் அறுப்பில் வட்டக்கப்பல் மொத்தமும் பூசணம் பிடித்துவிட்டது. இலை நரம்பு பருமன், இந்த ஊர் ஈரம் அதற்கு ஆகவில்லை. பாக்சிக் வந்து பார்த்துவிட்டு, நடு நரம்பைக் கிழித்துவிட்டுத் தொங்கவிடச் சொன்னார். இரண்டாவது அறுப்பு தப்பியது.

காய்ந்த இலையை அடுக்கி, சாக்கில் சுற்றி, மேலே கல்லை ஏற்றிப் புழுங்க விடவேண்டும். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். புழுங்கும்போது இலையிலிருந்து மூத்திர நெடி கிளம்பும். அது குறையக் குறையப் பிரித்து, புரட்டி, மறுபடி சுற்ற வேண்டும். நெடி முழுக்கப் போனால்தான் இலை தேறியதாகக் கணக்கு. கண்ணுக்கு எதுவும் தெரியாது. மூக்குதான் சொல்லவேண்டும்.

சாக்கைப் பிரித்தார். இலையை எடுத்து மூக்கின் கீழே வைத்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறது, கழுத்துத் துணி அசைகிறது, மூக்கு சும்மா இருக்கிறது. பிறகு பலகையை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பினார். 'நீ பாரு.'

"நானா? காலமெல்லாம் இந்த நாத்தத்துல வெந்தது போதாதா? இப்போ மோந்து வேற பாக்கணுமா?" என்று உள்ளே போய்விட்டேன். பாத்திரம் கழுவினேன். கழுவியதையே கழுவினேன். சன்னல் வழியாகப் பார்த்தால், அவர் அந்த இலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. போய்க் குந்தி உட்கார்ந்து மோந்தேன்.

அன்றிலிருந்து அவருடைய மூக்கு நான்தான். "ஊசிக்கப்பல்ல இன்னும் நெடி இருக்கு. ஜாவால போயிடுச்சு." அது மட்டும் அவருக்குப் போதாது. வேறென்ன, வேறென்ன என்று கையை ஆட்டிக் கேட்பார். நானும் யோசித்து யோசித்துச் சொல்லப் பழகினேன். ஜாவா லேசு, காய்ந்த வைக்கோலும் கோப்பித்தூளும். வட்டக்கப்பலில் வறுத்த வெந்தயம், முடிவில் ஒரு கசப்பு. ஊசிக்கப்பல் முதலில் ஒன்றும் சொல்லாது; கையில் கசக்கினால் பழம்புளியும் வெல்லமும் சேர்ந்து எழும்பும். நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பேசியதை இவ்வளவு கவனமாக அவர் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிறோமே என்று பயமாகவும் இருந்தது.

இலை எப்படி எரிகிறது என்றும் பார்க்கவேண்டுமாம். சாம்பல் வெள்ளையாக விழுந்தால் நல்ல இலை, கறுப்பாக நின்றால் ஆகாது. வீட்டுப் பின்புறம் ஊதுவத்தியால் துண்டு துண்டாகக் கொளுத்தினோம். அவரைக் காற்று வருகிற பக்கம், புகை போகாத இடத்தில் நிற்கவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டேன். வட்டக்கப்பல் அணைந்து அணைந்து போனது. ஜாவா சரசரவென்று எரிந்து முடிந்தது. ஊசிக்கப்பல் நிதானமாகக் கனன்று, வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தது. உள்ளே ஊசிக்கப்பல், மேலே சுற்ற மெல்லிய ஜாவா என்று முடிவு செய்தோம். வட்டக்கப்பலை விதைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் கழுத்துத் துணியை மோந்து பார்த்தேன். புகை நாற்றம் அடித்தது. கொளுத்தியபோது ஒட்டியதா, நான் கொடியில் துணி எடுக்கப் போன நேரத்தில் அவர் ஒரு இழுப்பு இழுத்தாரா? எப்படித் தெரியும்? கார் பார்க்கில் அவர் பார்த்த பார்வை கண் முன்னால் வந்து நின்றது. கேட்டு, அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை. யூடியூப் பார்த்துச் சுருட்டு சுற்றப் பழகினார், நான் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தேன். அவர் சிரித்தால் நானும் சிரித்தேன். ஆனால் அவர் எழுந்து பின்பக்கம் போனால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முனியாண்டி கோயில், நாங்கள் இரண்டு பேரும் பிறந்த எஸ்டேட்டின் ஓரத்தில் இருக்கிறது. எஸ்டேட்டில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, பாதி குடியிருப்பாகிவிட்டது. திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் கார் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கோழி, பீர் பாட்டில், கடைச் சுருட்டுப் பெட்டிகள் என்று படையல் நிறைந்திருந்தது. அதற்கு நடுவில், வாழை இலையில், கோணல்மாணலாகச் சுற்றிய எங்கள் சுருட்டு.

சாமியாடுகிறவர் மற்ற நாளில் உம்பாயில் மீன் கடையில் வேலை செய்கிறவர். என் வீட்டுக்காரரோடு படித்தவர். ஆனால் சாமி வந்துவிட்டால் அவருக்கு யார் எவர் என்று தெரியாது. உடுக்கைச் சத்தம் ஏறியது. கண் மேலே செருகியது. அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், அத்தனை பெட்டியையும் விட்டுவிட்டு எங்கள் சுருட்டை எடுத்தார். பூசாரி நெருப்பு வைக்க, குபுகுபுவென்று இழுத்தார். ஊசிக்கப்பல் வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு சுற்று ஆடினார். நேராக என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்று, எரிகிற சுருட்டை நீட்டினார்.

"இந்தாடா. புடி."

வேண்டுதல்காரனுக்கு முனியாண்டி தன் வாய்ச் சுருட்டைக் கொடுத்தால், அது பிரசாதம். இரண்டு கையாலும் வாங்கவேண்டும், ஒரு இழுப்பாவது இழுக்கவேண்டும். சுற்றி நிற்கிற எல்லோரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இவரும் இளவயதிலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறார். இதைப் பற்றி எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவருடைய இடது கை கழுத்துத் துணிக்குப் போனது.

"வேணாங்க!" என்று கத்தினேன். சாமி முன்னால் கத்துகிறோம் என்கிற நினைவே இல்லை. "ஐயோ, வேணாங்க!"

கை துணியை விலக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, துணியோடு சேர்த்து ஓட்டையை அழுத்தி மூடிக்கொண்டது. ஒரு துளிப் புகையும் உள்ளே போய்விடக் கூடாதென்று இறுக்கி மூடியிருந்தார். மற்ற கையைத் தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி, சுருட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். மூச்சில்லாமல் முகம் சிவந்து வந்தது. நான் வாங்காமல் அவர் கழுத்திலிருந்து கையை எடுக்கப்போவதில்லை. இந்த மனுஷரையா இத்தனை நாள் திருடனைப் போலப் பின்தொடர்ந்தேன்? வெட்கமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன.

பிடுங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இழுப்பு இழுத்தேன். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சுருட்டைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவர் இன்னும் கழுத்தைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறார். நெற்றி நரம்பு புடைத்திருக்கிறது. உதட்டை மட்டும் அசைத்துக் கேட்கிறார், "எப்படி இருக்கு?"

"மொதல்ல மூச்ச விடுங்க," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "சொல்றேங்க. எல்லாத்தையும் சொல்றேன். மொதல்ல மூச்ச விடுங்க."