அம்மா உழுத வயல்

என் அம்மா ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். மோர்டென்ஸ்ருட் மெட்ரோ நிலையத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அடுக்குமாடிகள் முடிந்து பண்ணைகள் தொடங்கும் இடம்வரை போய்த் திரும்புவது அவருடைய வேலை. எங்கள் காரை அம்மா ஓட்டும் நாட்களில் மட்டும், அப்பா பக்கத்து இருக்கையிலிருந்து எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார். நாள் முழுக்க அரை நகரத்தை ஏற்றி இறக்கிய அம்மா அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

அம்மாவின் கடைசித் தரிப்பிடத்தில் ஒரு வயதான நோர்வேஜியத் தம்பதியின் பண்ணை இருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் கிழவர் நோயில் விழுந்தார். அவருடைய மனைவி பஸ்ஸில் தனியே ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கினார். ஒருநாள் பஸ்ஸில் வேறு யாரும் இல்லாதபோது, மேல் வயல் இன்னும் உழாமல் கிடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம். அடுத்த வாரம் நிலம் உறைந்துவிடும். உறைந்தபின் கலப்பை இறங்காது. அயலவர்கள் தங்கள் வயல்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கிழவரின் மனைவியை அவருடைய இடுப்பு வலி டிராக்டரில் ஏறவிடாது. வீட்டுக்கு வந்த அம்மா, சனிக்கிழமை தனக்கு லீவு, தான் உழப்போவதாக அப்பாவிடம் அறிவித்தார்.

"உமக்கு அது பஸ் இல்லையெண்டு தெரியுந்தானே?" என்றார் அப்பா.

"ஓம். பஸ்ஸிலை பின்னுக்குச் சனம். இதிலை கலப்பை. நீங்களும் வாங்கோ, கல்லுப் பொறுக்க ஆள் வேணும்."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அன்று போகத் தேவையில்லை என்பதால் நான் அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அந்த வயலில் முதல் விளைச்சல் கல்தான். ஒவ்வொரு குளிர்காலமும் அடியிலிருந்து புதிய கற்களை மேலே தள்ளிவிடும். அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கிழவரை வரம்போரத்தில் ஒரு நாற்காலியில் இருத்தி, கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தார்கள். அவர் அம்மாவுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா உழுத முதற் சால் பாம்பு போன வழி மாதிரி வந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. கிழவர் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். மனைவி நொண்டி நொண்டிப் போய், பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்க்க வேண்டாமாம், எதிரே நிற்கும் மரத்தைப் பார்த்து ஓட்டட்டுமாம் என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த சால் நேராக விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் நேராக. கரிய மண் ஈரத்தோடு புரண்டு படுத்தது. அப்பா டிராக்டருக்கு முன்னால் நடந்து பெரிய கற்களைத் தூக்கினார். சின்னக் கற்கள் என் பங்கு.

கலப்பையின் இரும்பு முனையான கொழு பாறையில் மோதினால் கலப்பை தப்பட்டும் என்று, முதலில் உடைவதற்காகவே ஒரு மெல்லிய ஆணியை அதில் பூட்டியிருப்பார்கள். அது அடிக்கடி உடைந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா குதித்திறங்கி, குளிர்ந்த மண்ணில் மல்லாந்து படுத்து, புதிய ஆணியைப் பூட்டிவிட்டு ஏறினார். கையில் தோல் உரிந்து இரத்தம் தெரிந்தது. மதியத்துக்குப் பிறகு ஒரு பெரும்பாறை வழிமறித்தது. சுற்றிக்கொண்டு போகலாம் என்றார் அப்பா. அம்மா நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இல்லை. எடுத்துப்போட்டுத்தான் போறது."

பாறைக்கு அடியில் இரும்பு அலவாங்கைக் கொடுத்து அம்மா, அப்பா, நொண்டிக்கொண்டு வந்த கிழவரின் மனைவி மூவரும் நெம்பினார்கள். பாறை புரண்டபோது கிழவர் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து உயர்த்தினார்.

கடைசிச் சால் முடியும்போது இருட்டிக்கொண்டு வந்தது. மண்ணின் மேல்தோல் மொறுமொறுக்கத் தொடங்கியிருந்தது. அம்மா சேறும் இரத்தமுமாக நாற்காலியின் முன்னால் வந்து நின்றார். கிழவர் வயலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு, "இக்கெ வெர்ஸ்ட்" என்றார். மோசமில்லை என்று அர்த்தம். இவ்வளவு பாடுபட்டதற்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் வந்தது. நோர்வேஜியக் கமக்காரர் ஒருவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவர் அம்மாவின் கையைப் பிடித்து நெடுநேரம் விடவில்லை. அவர் மனைவி மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

திரும்பும்போது காரை அம்மாதான் ஓட்டினார். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அப்பா ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மோர்டென்ஸ்ருட்டின் விளக்குகள் தெரிந்தபோது நான் முன்னுக்குச் சாய்ந்து, "அம்மா, பனி கரைஞ்சதும் அவர் விதைப்பாரோ?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "விதைப்பினம்" என்றார்.

கிழவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்ததையும், அவர் மனைவி அதை பஸ்ஸில் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னதையும் பல வருடங்களுக்குப் பிறகுதான் நான் அறிந்தேன். அன்று எனக்குக் கேட்டது விதைப்பு என்பது மட்டுமே. 'அவர்' என்று நான் ஒருவரைப் பற்றிக் கேட்டதற்கு, 'அவர்கள் விதைப்பார்கள்' என்று அம்மா பலரைப் பற்றிப் பதில் சொன்னதைக் கவனியாமல், பின் இருக்கையில் சாய்ந்து, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.