அரைப் பாலாடை மருந்து

மழை ஓய்ந்ததும், நாங்கள் குடியேறிய மராத்தி ஊரான சாங்வியில் காலி மனையெல்லாம் பார்த்தீனியம் பூத்துவிடும். அந்த மாதங்களில் என் மகளுக்கு மூக்கு ஒழுகும், கை காலெல்லாம் தடித்துச் சிவக்கும். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. டாக்டரம்மா எடை பார்த்து, அலர்ஜிக்கு ஒரு சிரப் எழுதித் தந்தார். ஒரு வேளைக்கு இரண்டரை மில்லி. அளந்து ஊற்ற பாட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் மூடி வந்தது.

அந்த மூடியை இரண்டே நாளில் தொலைத்தேன். தேடவும் இல்லை. என்னிடம்தான் வெள்ளிப் பாலாடை இருந்ததே! திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் பால், விளக்கெண்ணெய், கஷாயம் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. இரண்டரை மில்லி என்றால் அரைப் பாலாடை என்று நானே முடிவு கட்டினேன். பிளாஸ்டிக் மூடியைவிட வெள்ளி உசத்தி என்ற திமிர் வேறு.

பாலாடையில் மருந்து கொடுத்த முதல் மத்தியானம் பிள்ளை அசந்து தூங்கினாள். எனக்கு ஒரே சந்தோஷம். துணி மடித்தேன், நிம்மதியாக டீ குடித்தேன். ஐந்து மணிக்கு அவளை விளையாடக் கூட்டிப்போக எதிர் வீட்டுக் காக்கு வந்தார். அந்த மராத்திக்கார அம்மாளிடம் என் மகளுக்கு என்னைவிட ஒட்டுதல் அதிகம்.

"ஏட்டி, எந்திரி. காக்கு வந்திருக்காங்க பாரு" என்று உலுக்கினேன். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. தூக்கி நிறுத்தினால் துவண்டு விழுந்தாள். காக்கு கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யே நீந்த் டீக் நஹீ, சலோ!" இது நல்ல தூக்கமில்லை, கிளம்பு என்று செருப்புக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார். மருந்து பாட்டிலையும், எதற்கென்றே தெரியாமல் பாலாடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"கித்னா தியா?" என்று எவ்வளவு கொடுத்தேன் என டாக்டரம்மா கேட்டார். பாலாடையை நீட்டி, பாதியில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் அதில் அதுவரை தண்ணீர் ஊற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் இரண்டரை இரண்டரையாக உறிஞ்சினார். ஒரு தடவை, இரண்டு, மூன்று. மூன்றாவதில்தான் பாலாடை காலியானது. அந்த நிமிஷத்தில் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். குழந்தைக்கு மருந்து எடைக்குத் தக்க அளவு, வீட்டுப் பாத்திரம் எதுவும் அதற்கு ஆகாது என்றார். மூச்சையும் நாடியையும் அடிக்கடி பார்த்தபடி பிள்ளையை அங்கேயே படுக்க வைத்தார். காக்கு என் கையை விடவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, "அம்மா, தண்ணி" என்று ஒரு குரல் கேட்டது. டாக்டரம்மா பாலாடையைக் கழுவி என்னிடம் கொடுத்தார். அதில்தான் கொடுத்தேன். பாதித் தண்ணீர் அவள் சட்டையில் போனது.

காக்கு இப்போது இல்லை. காலி மனைகளும் இல்லை, எல்லாம் அடுக்கு மாடி ஆகிவிட்டன. அந்தப் பார்த்தீனியப் பூவை அவ்வளவு வைத எனக்கே அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

போன மாதம் மகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "அம்மா, அந்த சாந்தியோட பாலாடை இருக்கா? இவளுக்கு வேணும்" என்றாள். வெள்ளிக்கு அவள் வாயில் எப்போதும் மராத்தி 'சாந்தி'தான். எடுத்துத் துலக்கிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அத்தனை வருஷம் சொல்லாததை முதல்முறையாகச் சொன்னேன்.

பாலாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னைக்கு நான் எந்திரிக்கலேன்னா?" என்றாள். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் பாலாடையில் பாலை ஊற்றினாள். குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"நீயே குடும்மா" என்றாள்.