இரண்டு மாட்டுக் குறிகளும் ஹில்லரோட் கோட்டையும்

1986 யூன் மாதம் நான் குடியிருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஹில்லரோட் கோட்டைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு வழக்கைத் தீர்க்க. டென்மார்க்கின் குடும்பக் கேடயச் சின்னங்களைப் பார்க்க அங்கே போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டெனிஷ் மொழியை நூலகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். திருத்தம் எழுதி அனுப்ப விரும்புபவர்கள் அனுப்பலாம். நான் மாற்றப் போவதில்லை.

வழக்கு இதுதான். அந்த யூலையில் எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. இரண்டு வருடம் பிரிந்திருந்த அவளும் அதற்கு முதல்நாள்தான் வந்து இறங்குகிறாள். இந்த நாட்டில் வெள்ளிவிழாத் தம்பதியின் வாசலில் அயலவர்கள் பச்சைக் கிளைகளால் ஒரு வளைவு கட்டி, விடியற்காலையில் பாடி எழுப்புவார்கள். எதிர்வீட்டு நீல்ஸ் யென்சன் தன் வெள்ளிவிழா வளைவின் உச்சியில் குடும்பக் கேடயத்தை மாட்டியிருந்தவர். ஏதோ கடையில் தன் குடும்பப் பெயரைச் சொல்லி வாங்கியது, இப்போது அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. "உங்கட வளைவில எதைப் போட? உங்களுக்குக் கேடயம் இல்லைத்தானே?" என்று அவர் டெனிஷில் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருக்குது, கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு மனக்குறையும் இருந்தது. இங்கே வந்ததும் என் தகப்பனாரின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, எல்லாரும் என்னைச் சின்னத்தம்பி என்றே கூப்பிட்டார்கள். செத்துப்போன மனிதரைக் கூப்பிட்டால் நான் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? பார்க்கவில்லை. பாக்கியத்துக்கும் அதே பெயர்தான் வரும் என்று கொழும்பில் நின்றவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நானும் சின்னத்தம்பியோ? நான் கந்தையாவின்ர மேள். மாமான்ர பேரைச் சுமக்கவோ கடல் கடந்து வாறன்?" என்று கேட்டு, பட்டென்று வைத்துவிட்டாள். விமானம் ஏறுவாள் என்பது நிச்சயம். என்ன முகத்தோடு இறங்குவாள் என்பதுதான் எனக்குக் கவலை.

துணைக்கு மரியதாஸ் வந்தான். மன்னார்ப் பொடியன், இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு வேலை, நன்றாகப் படம் வரைவான். காலை ஆறு மணிக்குச் சற்று முன் ரயில். கொப்பனேகன் வரை ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீற்றர். அப்போது கடலுக்கு மேல் பாலம் இல்லை. நீபோர்க் துறையில் ரயிலே கப்பலுக்குள் ஏறும். நாங்கள் மேல்தளத்துக்குப் போய், கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும், செத்தல் மிளகாய் இடித்த கட்டைச்சம்பலையும் பிரித்தோம். கடலை மறைத்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரர் தும்மிக்கொண்டு எழுந்து போனார். "அண்ணை, இப்ப கடல் வடிவாத் தெரியுது" என்றான் மரியதாஸ். ஒரு மணித்தியாலம் அப்படிக் கழிந்தது. கொப்பனேகனில் நகர ரயிலுக்கு மாறினால் முக்கால் மணித்தியாலத்தில் ஹில்லரோட். நிலையத்திலிருந்து கோட்டைக்குக் கால்மணி நேர நடை.

ஏரிக்குள் நிற்கும் செங்கல் கோட்டை. நுழைவுக்கு ஆளுக்குப் பதினைந்து குரோனர் கொடுத்த ஞாபகம். நேரே தேவாலயத்தின் மேல்மாடத்துக்கு ஏறினோம். சுவர் முழுவதும் கேடயங்கள்: சிங்கம், மீன், கோபுரம், கை, கோடாரி. எல்லாம் அரசரின் உயர்ந்த பட்டங்களைப் பெற்றவர்களுடையவை. அவற்றில் மிகப் பெரியது யானைப் பட்டம். அடுத்த மண்டபத்து ஓவியம் ஒன்றில் அந்தப் பதக்கத்தைப் பார்த்தோம். வெள்ளை யானை, கழுத்தில் ஒரு கறுப்புப் பாகன்.

"அண்ணை, இவையளின்ர பெரிய பட்டத்தில எங்கட நிறத்து ஆளல்லோ மேல இருக்கிறான்!" மரியதாஸ் போட்ட சத்தத்தில் காவலர் ஓடி வந்தார். வெள்ளை மீசைக்காரர். திட்ட வந்தவர், காரணத்தைக் கேட்டுத் தானும் சிரித்தார்.

அவரிடம் நான் கேட்டேன்: "யென்சன் கேடயம் எது?"

"எந்த யென்சன்? இந்த நாட்டில் கல்லெறிந்தால் ஒரு யென்சன் மேல்தான் விழும். கேடயம் பெயருக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு. பெயரைச் சொல்லிக் கடையில் வாங்குவது வெறும் அலங்காரம்."

"குடும்பத்துக்கும் இல்லையென்றால்?"

"புதிதாகச் செய்துகொள்ளலாம். இங்கே தொங்குவதிலும் பட்டம் கிடைத்த பிறகு செய்தவை பல. நீங்களும் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்."

பிறகு அவர் ஓரிடத்தில் இரண்டு கேடயங்கள் ஒன்றாக நிற்பதைக் காட்டினார். கணவன் வீட்டுச் சின்னமும் மனைவி வீட்டுச் சின்னமும். கணவனுடையது மனைவியின் பக்கம் சாய்ந்திருந்தது. அது மரியாதையாம். மனைவியின் வீட்டைக் கணவனின் வீடு விழுங்குவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வந்த வேலை முடிந்தது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அன்றிரவு கொப்பனேகனில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் திரும்பினோம். கப்பலில் மரியதாஸ் பென்சிலை எடுத்தான்.

"என்னத்தைக் கீற, அண்ணை? சிங்கமோ?"

"சிங்கத்தை விடு. மாட்டுக் குறியைக் கீறு."

ஊரில் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு வீட்டுக்கு வீடு தனிக் குறி சுடுவார்கள். எங்களுடையது சூலமும் 'சி'யும். கந்தையா மாமா வீட்டுக்குப் பிறையும் 'க'வும். மாடு எந்த வயலில் மேய்ந்தாலும் யாருடையது என்று ஊருக்கே தெரியும். இந்தப் பிரபுக்கள் குதிரையில் செய்ததை நாங்கள் மாட்டில் செய்தோம், வேறென்ன? பழைய குறிகளில் சாதிக்கும் ஓர் அடையாளம் சேர்ப்பார்கள். அதை வேண்டுமென்றே விட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கும் வேண்டுமென்றுதான் விட்டேன் என்றேன்.

நீல்ஸிடம் அவருடைய கேடயம் செல்லாது என்றேன். அவர் அசையவில்லை. "சுவரில ஓட்டை போட்டாச்சு. மறைக்க ஏதாவது வேணுமே" என்றார். பிடிவாதத்தில் எனக்கு அண்ணன்.

பாக்கியம் வந்து இறங்கினாள். நீல்ஸுக்குக் கைகொடுத்தாள், மரியதாஸிடம் ஊர்க் கதையெல்லாம் கதைத்தாள், என்னிடம் மட்டும் "தண்ணி எங்க இருக்குது?" என்றாள். மறுநாள் விடியற்காலை வாசலில் பாட்டுச் சத்தம். சீலைக்கு மேல் என் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். தேவதாரு வளைவு, வெள்ளி எழுத்தில் 25, அதன் கீழே மரியதாஸ் பலகையில் தீட்டிய இரண்டு கேடயங்கள். தெருவே பாடியது. அவள் மேலே பார்த்தபடி நின்றாள்.

"இதென்னப்பா, எங்கட அப்புவின்ர மாட்டுக் குறியல்லோ!"

"ஓம்."

"பட்டியில மாடு குறைஞ்சு போச்செண்டோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

மரியதாஸ் குந்தியிருந்து சிரித்தான். நீல்ஸ் விளங்காமலே சிரித்தார். பாக்கியம் எட்டி அந்தப் பிறையைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அதுசரி, உங்கட பலகை ஏன் என்ர பக்கம் சாய்ஞ்சு கிடக்குது? ஆணி கழண்டிட்டுதோ?"

காவலர் சொன்ன விளக்கமெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், கழண்டிட்டுது" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இப்போது பாலம் இருப்பதால் பயணம் சுருங்கிவிட்டது, கடல்காற்றில் சம்பல் சாப்பிடும் சுகமும் போய்விட்டது. தேவாலயத்தைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், மேல்மாடத்துக்கு ஏறுங்கள். காவலர்களிடம் கேளுங்கள், விருப்பத்தோடு சொல்வார்கள். குடும்பப் பெயரைச் சொல்லிக் கேடயம் விற்கும் கடையில் காசைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக் குறியை நீங்களே கீறுங்கள், மனைவி வீட்டுக் குறியையும் மறக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

எங்களுடைய இரண்டும் இன்றைக்கும் வாசலில்தான். வருகிறவர்களெல்லாம் என்னுடையதை நிமிர்த்தப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை. ஆணி உறுதியாகத்தான் இருக்கிறது.