எல்லா வழியும் ஒரே பள்ளத்தில்

இணையத்துக்குத் தலைமையகம் கிடையாது, ஒரு வழி அடைபட்டால் தகவல் வேறு வழியில் போய்ச் சேரும் என்று இந்த வலைப்பதிவில் எழுதியிருந்தேன். இன்னும் பத்து மடங்கு கூட்டம் வந்தால் தாங்குமா என்று ஒரு வாசகர் கேட்டார். எண்ணூர் விரைவுச் சாலையோரம் புதிய கேபிள் பதிப்பதாகக் கேள்விப்பட்டு, ஐப்பசியில் ஒரு நாள் பார்க்கக் கிளம்பினேன்.

கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில். திருவொற்றியூருக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள்.

"கேபிள் பாக்கவா வந்துகீற நைனா? இங்க கடலையே எவனும் பாக்க வர்றதில்ல" என்று ஓட்டுநர் சிரித்தார். சற்று தூரத்தில் அவர் கைபேசியில் சிக்னல் போனது. என்னுடையதிலும் இல்லை. "பேஜாரு. நோண்டிட்டானுங்க."

சாலையோரம், புதிய கேபிளுக்காகப் பழைய பள்ளத்தையே மறுபடி தோண்டிய பொக்லைன் நின்றது. பள்ளத்துக்குள், செல்போன் டவர்களுக்குப் போகும் கேபிள்கள் கொத்தாக அறுந்து கிடந்தன. வெவ்வேறு கம்பெனிகள், ஒரே பள்ளம். தனித்தனியாகத் தோண்டினால் செலவாம்.

பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் கலா, கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் நின்றிருந்தார். பலத்த காற்று வரும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். அவர் கணவர் விடியற்காலையே ஃபைபர் படகில் போயிருந்தார். கரையோரம்தான் வலை விடுவார், வழக்கமாக டவர் எட்டும்.

"ரெண்டு கம்பெனி சிம்மு வாங்கிக் குட்தேன் சார். ஒண்ணு பூட்டா இன்னொண்ணு கீதேன்னு. ரெண்டும் ஒண்ணா பூட்ச்சே!"

"வயர்லெஸ் செட் இல்லையாம்மா?"

"வூட்லதான் கீது. போனு கீறப்ப இந்தக் கனம் எதுக்குன்னு எல்லாருமே வெச்சிட்டுப் போறாங்க."

"அழுவாத கலாக்கா. உம் புருசன் ஊருக்கே மேகம் பாத்துச் சொல்ற ஆளு, முன்னாடி வந்து நிப்பாரு" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்தவர்.

சாயங்காலத்துக்குள் மற்ற படகுகள் வந்துவிட்டன. மறுநாள் கேபிளை ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும், கலா கொடுத்திருந்த எண்ணில் அழைத்தேன். "இங்க டவர் ஃபுல்லா கீது சார். அவரு போனுதான் ஸ்விட்ச் ஆஃப்னே சொல்லுது." பிறகு பழவேற்காட்டுப் பக்கம் அவர் படகு மட்டும் ஒதுங்கியது.

வாசகரே, பள்ளிக்கூடத்துக்கு நான்கு வாசல் வைத்து, நான்கையும் ஒரே சந்தில் திறந்துவிட்டால் தீ விபத்தில் என்ன ஆகும்? இணையத்தின் வடிவம் கூட்டத்தைத் தாங்கும். ஆனால் புதிய வழிகளையும் நாம் பழைய பள்ளத்திலேயே இறக்கிக்கொண்டிருக்கிறோம். கூட்டம் பெருகப் பெருக, ஒரு வெட்டில் துண்டிக்கப்படுபவர்களும் பெருகுவார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் முதல் ரயிலிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். லாரிப் புழுதிக்கு முகக்கவசம் அவசியம். விடியலில் குப்பத்துக் கரையில் ஒரு பெண் படகுகளை மறித்து, "செட்டு எங்கடா? எடுத்தாந்துட்டுத் தள்ளு" என்று கத்திக்கொண்டிருப்பார். படம் எடுக்காதீர்கள்.