அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது

ஊசி போடக் கற்றுக்கொடுப்பவரைக் கண்டால் நர்ஸ்கள் எழுந்து நிற்பார்கள். பேசக் கற்றுக்கொடுக்கும் என்னைக் கண்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலைதான். வேலையில் இருப்பவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்திய பாவம் உங்களுக்கும் உண்டென்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

வாயும் கையும்

காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பிடித்து நிறுத்தித்தான் என் வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். அந்த மாதப் பாடம் எளிது. நோயாளியின் ஆட்களிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் நம் ஜனம் மரியாதைக்காகத் தலையாட்டிவிடும், சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். புதிதாகச் சேர்ந்த அனிதா மட்டும் ஆர்வமாகக் கேட்டாள். அதே விஷயத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எப்படிச் சொல்வது என்றுகூட விசாரித்தாள். வார்டு இன்சார்ஜ் செல்வி சிஸ்டர் கொட்டாவியை முடித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், எங்களுக்கு வாய் நல்லாத்தான் இருக்குது. கைதான் பத்தல."

நூற்றுக்கு நூறு

அடுத்த வாரம் சந்துரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடல்வால் வீங்கி, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்ற நிலை. மதியமே ஆபரேஷன் என்றார் சர்ஜன்.

கூட இருந்தது அவன் அண்ணன் முனிராஜ். அனிதா அவரைத் தனியாக அழைத்து, வாயில் எதுவும் போகக் கூடாது, ஏன் போகக் கூடாது என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவர் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பின்னால் நின்ற எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வகுப்பைக் கேட்டு ஒரு ஜீவனாவது தேறிவிட்டதே! முனிராஜ் கடைசியாக இப்படி உறுதி கொடுத்தார்: "பச்சத் தண்ணி கூட குடுக்க மாட்டனுங்க மேடம்."

தியேட்டர் வாசல்

மதியம் முனிராஜ் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் இடத்தில் சந்துருவின் மனைவி கீதா, வேப்பனப்பள்ளியிலிருந்து தூக்குப்பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். தியேட்டர் வாசலில் அனிதா சந்துருவிடம், "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கீதா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினான். ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே போயாகிவிட்டது.

அனிதாவுக்கு என்ன தோன்றியதோ, ஸ்ட்ரெச்சரைப் பிடித்து நிறுத்திவிட்டு கீதாவிடம் திரும்பினாள். "கடைசியா என்னக்கா குடுத்தீங்க, எப்பக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். கீதா வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "இப்பத்தாங்க, ராகிக் கூழு. ஆபரேசன்னா தெம்பு வேணுமில்ல? வேணா வேணான்னாரு, நாந்தான் குடிக்க வச்சேன்."

அந்தச் சாயங்காலம்

வயிறு நிறைந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் கூழ் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கலாம். காத்திருந்தால் குடல்வால் வெடிக்கலாம். இரண்டிலும் உயிருக்கு ஆபத்து. சர்ஜன் வராண்டா அதிரக் கத்தினார். மயக்க மருந்து டாக்டர் கத்தவில்லை. "கொஞ்ச நேரம் பாக்கலாம், வலி ஏறினா வேற வழியில்ல" என்றார். அனிதா சந்துருவின் நாடியைப் பிடித்தபடி அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பயம் எனக்கு என் பிரசவத்தில்கூட இருந்ததில்லை.

பயம் கோபமாகி முனிராஜுக்குப் போன் போட்டேன். பின்னால் மிஷின் சத்தம். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கத்தினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி சம்சாரங்க மேடம். எங்கள்ல நேருக்கு நேரா பேசிக்க மாட்டோம். அது உள்ள வந்துச்சு, நான் மருவாதிக்கு வெளிய வந்துட்டேன்."

கண் விழித்தபோது

பொழுது சாய்கிற நேரத்தில் வலி தாங்காமல் சந்துரு கத்த ஆரம்பித்தான். இனிமேல் பொறுக்க முடியாது என்று உள்ளே கொண்டுபோனார்கள். அதுவரை தேம்பிக்கொண்டிருந்த கீதா, கதவு மூடியதும் அழவே இல்லை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

குடல்வால் வெடிக்கிற தறுவாயில் இருந்ததாம். பிழைத்துக்கொண்டான். அனிதாதான் ஓடி வந்து முதலில் கீதாவிடம் சொன்னாள். சர்ஜனும் வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றி, இனி இந்த அம்மாவுக்கு யாராவது ஒழுங்காக எடுத்துச் சொல்லுங்கள் என்று எங்களைப் பார்த்து உறுமிவிட்டுப் போனார். கீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "காலைல ஊர்ல இருந்து கெளம்பறப்ப இங்க வார்டுக்குப் போன் பண்ணனே, அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லியாச்சுன்னு வச்சிட்டீங்க. அவருக்கு வாயில ஊட்டறது நானு, எங்கிட்ட யாருங்க சொன்னீங்க?"

ஊருக்கெல்லாம் பேசக் கற்றுத்தருகிற நான், இப்போதெல்லாம் நோயாளியின் ஆட்களிடம் முதலில் விசாரிப்பது, உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பதைத்தான்.